கோச்சியில் (ரயிலில்) போயும் பாயிண்ட் ஏறவில்லையா?

நம் இலங்கை மலையகத்தில், ஹட்டன் ஸ்டேஷனில் இறங்கினால் கேட்டில் நிற்பவரிடம் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டிவிடுவோம். கையில் ஒன்றும் மிஞ்சாது, மிஞ்ச வேண்டிய தேவையும் இல்லை. இந்தப் பழக்கத்தோடேயே அமெரிக்காவுக்குப் போய் அங்கே ரயில் ஏறியவர் எங்கள் அக்கா. தலவாக்கலையிலிருந்து நியூஜெர்சியில் இருக்கும் மகளிடம் போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தார். இடையில் வாஷிங்டனுக்கும் பாஸ்டனுக்கும், அங்கே ஊர்விட்டு ஊர் ஓடும் ஆம்ட்ராக் என்ற கம்பெனியின் ரயிலில் போய் வந்தார்கள். ஊருக்கு வந்த பிறகு மகள் போன் பண்ணி, "அம்மா, உங்க கணக்குல பாயிண்ட் ஒண்ணுமே ஏறல" என்றாள். அதைத் தேடப் போய் நான் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். பிள்ளைகளைப் பார்க்கப் போகிற ஆட்கள் நம் பக்கத்தில் இப்போது நிறைய, யாருக்காவது உதவும்.

முதலில் கணக்கு. ஆம்ட்ராக் கெஸ்ட் ரிவார்ட்ஸ் என்பது அந்த ரயில்காரர்களின் பாயிண்ட் திட்டம், சேர்வதற்குக் காசு இல்லை. டிக்கெட்டுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு டாலருக்கும் 2 பாயிண்ட். 60 டாலர் டிக்கெட் என்றால் 120. பிசினஸ் வகுப்பில் போனால் அதற்கு மேல் 25 சதவீதம் கூடும், அதாவது 150. அசெலா என்ற அவர்களின் வேக ரயிலில் முதல் வகுப்பு என்றால் 50 சதவீதம் கூடி 180. சேர்ந்த பாயிண்டை வைத்துப் பிறகு டிக்கெட் எடுக்கலாம்.

இதில் நம் ஆட்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. காசு யார் கட்டினார்கள் என்பது கணக்கில்லை, சீட்டில் யார் உட்கார்ந்து போனார்கள் என்பதுதான் கணக்கு. மகள் தன் கார்டில் மூன்று பேருக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தால் மகளுடைய பயணத்துக்கு மட்டும்தான் மகளுக்குப் பாயிண்ட். அம்மாவுக்கு வர வேண்டுமானால் அம்மா பெயரில் தனிக் கணக்கு திறந்து, அந்த உறுப்பினர் எண்ணை டிக்கெட் எடுக்கும்போதே அம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் போட வேண்டும். சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் பிள்ளை போன் நம்பர் கேட்கும்போது சொல்லாமல் வந்துவிட்டால் என்ன ஆகும், அதே கதைதான்.

சரி, அக்காவுக்குக் கணக்கும் இருந்தது, எண்ணும் இருந்தது, பிறகு ஏன் வரவில்லை? பெயர். மலையகத்தில் பிறந்த யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒன்று, பாஸ்போர்ட்டில் இன்னொன்று. எங்கள் அக்கா லெட்சுமி. தோட்டத்துப் பதிவிலிருந்தே இங்கிலீஷில் எல், இ, டி என்றுதான் ஆரம்பிக்கும், பாஸ்போர்ட்டிலும் அப்படியே. மகள் நாகரிகமாக எல், ஏ, கே என்று டைப் பண்ணிக் கணக்கைத் திறந்திருக்கிறாள். போதாததற்கு பாஸ்போர்ட்டில் சர்நேம் இடத்தில் இருப்பது எங்கள் அப்பா பெயர், கணக்கில் அவள் போட்டதோ அத்தான் பெயர். டிக்கெட்டை மட்டும் பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சரியாக எடுத்திருக்கிறாள். பிறகு கம்ப்யூட்டர் எப்படி இரண்டும் ஒரே ஆள் என்று நம்பும்? ஆகவே கணக்கு திறக்கும் அன்றே பாஸ்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடியுங்கள். முன்னுக்கு எது, பின்னுக்கு எது என்பதும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். டிக்கெட்டிலும் அதே பெயர்.

ரயிலில் ஏறிய பிறகு ஒரு வேலை இருக்கிறது. கண்டக்டர் வந்து போனில் உள்ள டிக்கெட்டின் பார்கோடை ஸ்கேன் பண்ணுவார். தூக்கக் கலக்கத்தில் இருந்தாலும், சாப்பாட்டுப் பெட்டிப் பக்கம் போயிருந்தாலும், அவரைத் தேடிப் பிடித்தாவது ஸ்கேன் பண்ணிக்கொள்ளுங்கள். ஸ்கேன் ஆகாத டிக்கெட் என்றால் நீங்கள் வரவே இல்லை என்று கணக்கு. பாயிண்ட் மட்டுமல்ல, அதே டிக்கெட்டில் மீதி இருக்கும் பயணமும் ரத்தாகிவிடும்.

நியூஜெர்சியில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. நியூவார்க் பென் ஸ்டேஷனில் ஆம்ட்ராக்கும் நிற்கும், நியூஜெர்சி டிரான்சிட்டும் நிற்கும். இரண்டும் நியூயோர்க் போகும். டிரான்சிட் டிக்கெட்டுக்கு ஆம்ட்ராக் பாயிண்ட் வராது, அது வேறு கம்பெனி. அக்கா அதில் போன நாலைந்து பயணத்தையும் "வரவில்லை" பட்டியலில் எழுதி வைத்திருந்தார், எல்லாவற்றையும் வெட்ட வேண்டியதாயிற்று.

விடுபட்டதைக் கேட்பது கஷ்டமான காரியம் இல்லை. பயணம் முடிந்து ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள். அப்போதும் ஏறவில்லை என்றால் தள்ளிப்போடாமல் உங்கள் கணக்குக்குள் போய், விடுபட்ட பாயிண்ட் கேட்கும் படிவத்தை நிரப்புங்கள். டிக்கெட் வந்த ஈமெயிலை அழிக்காமல் வைத்திருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி, முன்பதிவு எண், டிக்கெட் எண், ஏறிய இறங்கிய ஸ்டேஷன் எல்லாம் அதிலேயே இருக்கும். ஊருக்கு வந்த பிறகு இங்கிருந்தும் செய்யலாம், நாங்கள் அப்படித்தான் செய்தோம். ஆனால் பெயர் பிழை இருந்தால் முதலில் கணக்கில் பெயரைத் திருத்துங்கள், அப்புறம் பாயிண்ட் கேளுங்கள். மாற்றிச் செய்தால் மறுபடியும் அதே சுவரில்தான் முட்டுவீர்கள்.

தேதியில் கவனம். நியூயோர்க் நேரத்துக்கும் நம் நேரத்துக்கும் கோடையில் ஒன்பதரை மணித்தியாலம், குளிர்காலத்தில் பத்தரை. அங்கே 10ஆம் தேதி இரவு எட்டு மணிக்கு ரயில் ஏறினால், இங்கே விடிந்து 11ஆம் தேதி. அக்கா ஏறியதும் எனக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினார், நான் என் போனில் இருந்த தேதியைப் பார்த்துப் படிவத்தில் போட்டுவிட்டேன். அனுப்பும் முன் மகள் பார்த்துச் சொன்னதால் தப்பித்தோம். டிக்கெட்டில் உள்ள தேதி எதுவோ அதைத்தான் எழுத வேண்டும்.

பெயரைத் திருத்தி, தேதியைத் திருத்தி, பாஸ்டன் பயணத்துக்கும் வாஷிங்டன் பயணத்துக்கும் தனித்தனியாகக் கேட்டோம். இரண்டும் வந்து சேர்ந்தன. அக்காவின் கணக்கில் இப்போது அத்தான் பெயர் இல்லை, எங்கள் அப்பா பெயர்தான் இருக்கிறது. அத்தான் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.