தலைக்காயம் பட்டவர்களுக்காக வாக்கத்தானா? இந்தத் தவறுகள் வேண்டாம்

என் அண்ணனுக்குத் தலையில் அடிபட்டு ஒன்பது வருடம் ஆகிறது. அவரைப் போன்றவர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் நிதி திரட்டுகிற வாக்கத்தான்களில் முதலில் சும்மா போய்க் கலந்துகொண்டேன், அப்புறம் நடத்துபவர்களோடு சேர்ந்து வேலையும் பார்த்தேன். எல்லோரும் நல்ல மனசோடுதான் வருகிறார்கள். ஆனாலும் யாருக்காக நடக்கிறோமோ, அவர் பாதியிலேயே வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார். ஏன் என்று பார்த்தால், ஒவ்வொரு முறையும் அதே சில தவறுகள்தான்.

பெரிய தவறு, நேரம். சென்னையில் இப்படி நடை என்றாலே ஞாயிறு காலை ஐந்தரை, பெசன்ட் நகர் கடற்கரை. வெயிலுக்கு முன் முடிக்கிறார்கள், சரி. ஆனால் தாம்பரம் பக்கம் இருந்து வருபவரை மூன்றரைக்கே எழுப்ப வேண்டும். தலைக்காயத்துக்குப் பிறகு பலருக்கு வலிப்பு வரும். தூக்கம் கெடுவதும் மாத்திரை தவறுவதும்தான் அதைத் தூண்டும் முக்கியக் காரணங்கள். மாலை நான்கரைக்கு மேல் வைத்துப் பாருங்கள். காலையில்தான் முடியும் என்றால் ஏழு மணிக்கு, நிழல் இருக்கும் பூங்காவுக்குள், ஒரு கிலோமீட்டர் போதும். நடுவில் உட்கார நாற்காலிகள் இருக்கட்டும். பதிவுப் படிவத்திலேயே ‘மாத்திரை எத்தனை மணிக்கு?’ என்று ஒரு வரி கேட்டுவிடுங்கள்.

யாருக்காவது வலிப்பு வந்துவிட்டால், கூட்டத்தில் ஒருவர் சாவிக்கொத்தோடு ஓடி வருவார். இரும்பைக் கையில் திணிப்பதால் வலிப்பு நிற்காது. தலைக்கு அடியில் துண்டை மடித்து வையுங்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. இதைத் தொண்டர்கள் எல்லோருக்கும் முந்தின நாளே செய்து காட்டிவிட வேண்டும்.

அடுத்தது சத்தம். ஒரு தொடக்க விழாவில் எங்களுக்கு முன்வரிசையில், ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டார்கள். மரியாதைக்காகத்தான். இரண்டாவது பாட்டு முடிவதற்குள் அண்ணன் துண்டைத் தலையோடு சேர்த்துப் போர்த்திக்கொண்டார். இரண்டு கட்டைவிரலாலும் காதை அடைத்தபடி, “நிறுத்தச் சொல்லுடா” என்றார். அவ்வளவுதான், ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தோம். அடுத்த இரண்டு நாள் அவர் படுக்கையை விட்டு எழவில்லை. நாம் பேசிக்கொண்டிருக்கும்போது மற்ற சத்தங்களை மூளை தானாகவே ஒதுக்கிவிடும். காயம் பட்ட பிறகு பலருக்கு அது முடியாமல் போகிறது. மைக், பாட்டு, பக்கத்தில் பேசுபவர், ஹாரன் எல்லாம் ஒரே அளவில் வந்து மோதும். ஜும்பாவும் டிஜேவும் இல்லாமலே கூட்டம் சேரும், நம்புங்கள். சத்தத்தை விட்டுத் தள்ளி, ஒரு பந்தலும் பாயும் விசிறியும் வையுங்கள்.

சிலருக்குத் தலையின் ஒரு பக்கம் குழிந்திருக்கும். வீங்கிய மூளைக்கு இடம் கொடுக்க மண்டையோட்டில் ஒரு துண்டை எடுத்திருப்பார்கள். மறுபடி பொருத்தும்வரை அந்த எலும்பை வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்துவிடுவதும் உண்டு. குழிந்த இடத்தில் தோலுக்குக் கீழே எலும்பே இல்லை. அங்கே ஒரு முழங்கை இடித்தால்கூட ஆபத்து. ஆசீர்வாதம் என்று யாரும் தலையில் கை வைக்கவும் கூடாது. இவர்களைக் கூட்டத்தோடு நிறுத்தாமல் பத்து நிமிடம் முன்னதாகக் கிளப்பிவிடுங்கள்.

பேச்சிலும் கவனம் வேண்டும். “பார்த்தா நல்லாத்தானே இருக்காரு” என்பது ஆறுதல் இல்லை. மறதியும் சட்டென்று வரும் கோபமும் வெளியே தெரியாதவை. அதை நம்பாத சொந்தக்காரர்களோடு அந்தக் குடும்பம் ஏற்கெனவே மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். அவர் எதிரிலேயே மனைவியிடம், “இவர் டீ குடிப்பாராம்மா?” என்று கேட்காதீர்கள். அவரிடமே கேட்டு, பதில் வரும்வரை பொறுத்திருங்கள். மைக்கில் “ஹெல்மெட் போட்டிருந்தீங்களா?” என்று கேட்பதைக் கண்டிப்பாக விட்டுவிட வேண்டும். ஹெல்மெட் பிரசாரம் அவசியம்தான், ஆனால் அதற்கு ஒரு மனிதரை மேடையில் நிறுத்திக் காட்டக் கூடாது. விபத்து நடந்த நாளே பலருக்கு நினைவில் இருக்காது.

பணம். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் வந்த ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு பார்த்துக்கொள்கிறது. குடும்பங்கள் முறிந்துபோவது அதற்குப் பிறகு வரும் வருடங்களில்தான்: பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, டயப்பர், வேலையை விட்டவரின் சம்பளம். திரட்டும் பணம் இதில் எதற்குப் போகிறது என்று நோட்டீஸிலேயே போடுங்கள். டி-ஷர்ட்டுக்கும் மேடைக்கும் பாதி போய்விட்டால் என்ன பயன்? ஒருவரிடம் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் அவருக்கு வரிக்கழிவு கிடைக்காது என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, கூட வருபவர்கள். அம்மாவோ மனைவியோ வீல்சேரைத் தள்ளிக்கொண்டே, தண்ணீர் பாட்டிலும் மாத்திரைப் பையுமாக நடையை முடிப்பார். வீட்டில் செய்யும் அதே வேலை. போன முறை பயிற்சி பெற்ற தொண்டர்கள் இரண்டு பேரை இதற்கென்றே வைத்தோம். கணவரைப் பந்தலில் அவர்களிடம் விட்டுவிட்டு ஓர் அக்கா தயங்கித் தயங்கிக் கிளம்பினார். முதல் வளைவு வரை திரும்பித் திரும்பிப் பார்த்தார். சுற்றி வந்ததும் கணவர் தூங்குவதைப் பார்த்துவிட்டு, “இன்னொரு சுத்து போயிட்டு வரட்டுமா தம்பி?” என்று கேட்டார்.