ஒரே வீட்டில் வாழ்ந்ததை நிரூபித்த கதை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், ரப்பர் தோட்டத்தை ஒட்டிய வாடகை வீட்டில் நானும் என் துணைவரும் 3 ஆண்டுகளாகச் சேர்ந்து வாழ்ந்துவந்தபோதிலும், கனடா குடிநுழைவு விண்ணப்பத்துக்குச் சான்று திரட்ட உட்கார்ந்த அன்றுதான், வாடகை ஒப்பந்தம் முதல் மின்கட்டணம் வரை அனைத்தும் என் பெயரிலேயே இருப்பதைக் கவனித்தேன். திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழும் துணையரிடம் அங்கே கேட்பது 12 மாதங்கள் தொடர்ச்சியாக இணைந்து வாழ்ந்ததற்கான ஆதாரம். கோயிலில் சேர்ந்து எடுத்த படங்கள் (எங்களிடம் அவைதான் ஏராளம்) அதற்குத் துணை நிற்குமே தவிர ஈடாகா. ஆகவே, அதே முகவரிக்கு அவர் பெயரில் வந்திருந்த வங்கி அறிக்கைகளையும் ஊழியர் சேமநிதிக் கணக்கறிக்கையையும் தேடியெடுத்து, என் மின்கட்டண ரசீதுகளோடு மாதவாரியாக அடுக்கினேன். இருவரும் குடியிருப்பதைக் குறிப்பிட்டு வீட்டுக்காரரும் கடிதம் தந்தார். பிறகு, இணைந்து வாழ்வதை உறுதிகூறும் கனடாவின் ஐஎம்எம் 5409 உறுதிமொழிப் படிவத்தில், சத்தியப்பிரமாண ஆணையர் முன்னிலையில் இருவரும் கையொப்பமிட்டோம். மலாய் ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டியிருந்ததுதான் எதிர்பாராத செலவு.