‘பாக்கி 0’ என்று வந்தால் உடனே கொண்டாடாதீர்கள்: அமெரிக்கக் கல்லூரிகளின் உதவித்தொகைக் கணக்கு

ஊரில் கல்லூரிக் கட்டணம் என்பது ஒரே எண். கவுன்சிலிங்கில் இடம் எடுத்த அன்றே தெரிந்துவிடும். பக்கத்து பெஞ்சுக்காரனுக்கும் ஏறக்குறைய அதே எண்தான். அமெரிக்கத் தனியார் கல்லூரி அப்படியில்லை. தீபாவளி நேரத்து ஆம்னி பஸ் மாதிரி, அடுத்தடுத்த இருக்கைக்காரர்கள் ஆளுக்கொரு விலை கொடுத்திருப்பார்கள். அந்த விலையைத் தீர்மானிப்பது கல்லூரியின் ஃபைனான்சியல் எய்டு ஆபீஸ், அதாவது உதவித்தொகை அலுவலகம். என்னென்ன உதவி என்று பட்டியலிட்டு அவர்கள் அனுப்பும் அவார்டு லெட்டரைப் படிக்கத் தெரியாமல் ‘யெஸ்’ சொல்லிவிட்டு, ஆகஸ்டில் பில் வந்த பிறகு தலையில் கை வைத்து உட்காரும் நம்மவர்கள் நிறைய.

முதலில் யாருக்குக் கிடைக்கும் என்பது. மத்திய அரசின் உதவி அமெரிக்கக் குடிமக்களுக்கும், கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும், அகதி அல்லது தஞ்சம் பெற்றவர் போன்ற சில பிரிவினருக்கும் மட்டும். எச்-4 (வேலை விசாக்காரரின் குடும்ப விசா), எஃப்-1 (மாணவர் விசா) பிள்ளைகளுக்கு அதில் ஒரு டாலர்கூடக் கிடையாது. ஆனால் பார்க்கப்படுவது பிள்ளையின் அந்தஸ்து, பெற்றோருடையது அல்ல. நீங்கள் எச்-1பி வேலை விசாவில் இருந்தாலும் இங்கே பிறந்த பிள்ளை தாராளமாக விண்ணப்பிக்கலாம். சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாத அம்மாவும் விண்ணப்பத் தளத்தில் கணக்குத் தொடங்கிக் கையெழுத்துப் போட முடியும். உள்மாநிலக் கட்டணம், அதாவது அரசுக் கல்லூரிகள் தம் மாநிலத்தவருக்கு வைக்கும் குறைந்த கட்டணம், வேறு விஷயம். கலிபோர்னியா, டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் எச்-4 பிள்ளைக்கும் அது கிடைக்க வழி உண்டு. இரண்டையும் குழப்பிக்கொண்டு, “எய்டு கிடையாதாமே” என்று உள்மாநிலக் கட்டணத்தையும் கேட்காமல் விடாதீர்கள்.

மத்திய உதவிக்கான விண்ணப்பமான ஃபாஃப்சா படிவம் ஆண்டுதோறும் அக்டோபர் 1-க்குள் திறந்துவிடும். இலவசம், அதை நிரப்பித் தருகிறேன் என்று காசு கேட்பவரிடம் போகாதீர்கள். பிள்ளைக்கும் பெற்றோருக்கும் தனித்தனிக் கணக்கு வேண்டும். வருமானவரித் தகவலை எடுத்துக்கொள்ள அனைவரும் சம்மதம் கொடுக்காவிட்டால் மத்திய உதவியே கிடைக்காது. பல தனியார் கல்லூரிகள் இதோடு காலேஜ் போர்டு என்ற அமைப்பின் சி.எஸ்.எஸ். புரொஃபைல் படிவமும் கேட்கும், அது இன்னும் துருவும். ஃபாஃப்சா நீங்கள் குடியிருக்கும் வீட்டை எண்ணாது, சி.எஸ்.எஸ். கேட்கும். முன்னுரிமைக் கெடு கல்லூரிக்குக் கல்லூரி மாறும். கெடு தாண்டினால் தகுதி இருந்தும் கல்லூரியின் சொந்தப் பணம் தீர்ந்திருக்கும்.

படிவத்தில் நம்மவர்கள் சறுக்கும் இடங்கள் மூன்று. ஒன்று, ஊர்ச் சொத்து. குடியிருக்கும் வீடு தவிர மற்ற மனை, வாடகைக்கு விட்ட ஃபிளாட், என்.ஆர்.இ. வைப்பு எல்லாம் சொத்துக் கணக்கில் வரும், அது தாம்பரத்தில் இருந்தாலும் சரி, திருச்சியில் இருந்தாலும் சரி. கைடுலைன் மதிப்பு அல்ல, சந்தை மதிப்பு. அதிலிருந்து அந்தச் சொத்தின் மேலுள்ள கடனைக் கழித்துக்கொண்டு டாலரில் எழுத வேண்டும். இன்னும் அப்பா பெயரிலேயே இருக்கும் நிலம் உங்கள் சொத்து அல்ல. பெற்றோர் சொத்தில் அதிகபட்சம் 5.64 சதவீதத்தை, குடும்பம் கொடுக்க முடியும் என்று கருதும் பங்கில் ஆண்டுதோறும் சேர்ப்பார்கள். அதாவது 1,00,000 டாலர் மனை உங்கள் பங்கை ஆண்டுக்கு 5,640 டாலர்வரை உயர்த்தும்.

இரண்டு, ‘பிள்ளை பெயரில் போட்டு வைப்பது’ என்ற நம் பழைய நல்ல பழக்கம். மாணவர் பெயரிலுள்ள பணத்தில் 20 சதவீதத்தை அந்தப் பங்கில் சேர்த்துக்கொள்வார்கள். 529 என்ற கல்விச் சேமிப்புக் கணக்கானால் பெற்றோர் சொத்தாகவே கருதப்படும்.

மூன்று, புதிதாக வந்தவர்களுக்கே உரியது. 2026-27 படிப்புக்கு 2024-ஆம் ஆண்டு வருமானத்தைப் பார்க்கிறார்கள். 2025-இல் வந்த குடும்பத்துக்கு அது ரூபாய்ச் சம்பளம். டாலருக்கு மாற்றிக் கையால் எழுத வேண்டும். மாற்றினால் தொகை சின்னதாகத் தெரியும், உதவி அள்ளிக் கொடுப்பார்கள். இங்கே வாங்கும் முழு ஆண்டுச் சம்பளம் கணக்கில் ஏறும் கல்வியாண்டில் அதே கல்லூரி கையை விரிக்கும். முதல் ஆண்டுத் தொகையை நான்கால் பெருக்கித் திட்டம் போடாதீர்கள்.

இனி ஆபீஸுக்குள் நடப்பது. படிவத்திலிருந்து எஸ்.ஏ.ஐ. என்ற எண் பிறக்கும். மேலே சொன்ன குடும்பப் பங்கு அதுதான். 2024-25 முதல் இ.எஃப்.சி. என்ற பழைய எண்ணுக்குப் பதில் வந்தது, மைனஸ் 1,500 வரைகூட இறங்கும். மறுபக்கம் கல்லூரி ஒரு மொத்தச் செலவு வைத்திருக்கும்: கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம், போக்குவரத்து, கைச்செலவு. மொத்தச் செலவில் எஸ்.ஏ.ஐ.யைக் கழித்தால் வருவது ‘தேவை’. அதை அடுக்கடுக்காக நிரப்புவார்கள். கீழே மத்திய அரசின் பெல் கிராண்ட் (கிராண்ட் என்றால் திருப்பித் தர வேண்டாத பணம்), 2025-26-இல் உச்சம் 7,395 டாலர். அதன்மேல் மாநிலக் கிராண்ட். அதன்மேல் கல்லூரியின் சொந்தக் கிராண்ட். பிறகு வொர்க்-ஸ்டடி, அதாவது படிக்கும்போதே செய்யும் பகுதிநேர வேலை. பிறகு மாணவர் கடன். மிச்சமிருந்தால் கூரையாகப் பெற்றோர் கடன், அதாவது பேரன்ட் பிளஸ்.

பேரத்துக்கு இடமுள்ள ஒரே அடுக்கு கல்லூரியின் சொந்தக் கிராண்ட். மத்திய அரசின் தொகைகளுக்குச் சூத்திரம் உண்டு, பேரம் பேசி மாற்ற முடியாது. கல்லூரி தன் பணத்தைத் தன் விருப்பப்படி தரும்: யார் வந்தால் தனக்கு லாபம், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தால் இந்தப் பிள்ளை சேரும் என்று கணக்குப் போட்டுத் தரும். ‘மெரிட் ஸ்காலர்ஷிப்’ என்று தங்க எழுத்தில் வருவதில் பெரும்பகுதி விலைத் தள்ளுபடியே. பிள்ளையின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சான்றிதழை ஃபிரேம் போடும் முன் கணக்கைப் போடுங்கள். தேவை முழுவதையும் ஈடுகட்டுவோம் என்று உறுதி சொல்லும் கல்லூரிகள் கொஞ்சம்தான். மற்றவை இடைவெளி விட்டே அனுப்பும்.

இப்போது பொறி. ஒரு மாதிரிக் கணக்கு. கட்டணம் 41,500, தங்குமிடமும் சாப்பாடும் 14,500, புத்தகம் 1,000, போக்குவரத்து 1,500, கைச்செலவு 2,500. மொத்தம் 61,000 டாலர். எஸ்.ஏ.ஐ. 18,000. லெட்டரில் வருவது: கல்லூரி கிராண்ட் 25,000, மெரிட் 8,000, வொர்க்-ஸ்டடி 2,500, வட்டிச் சலுகைக் கடன் (படிக்கும்வரை வட்டியை அரசு ஏற்கும்) 3,500, சலுகையில்லாக் கடன் 2,000, பேரன்ட் பிளஸ் 20,000. கூட்டினால் 61,000. அடியில் கொட்டை எழுத்தில், ‘பாக்கி 0’.

இதில் திருப்பித் தர வேண்டாத பணம் 33,000 மட்டும். உண்மையான விலை 28,000 டாலர், அதுவும் ஒரே ஆண்டுக்கு. பேரன்ட் பிளஸை உதவி என்று அச்சடிப்பது, கடைக்காரர் “மீதியைக் கந்துவட்டிக்காரரிடம் வாங்கிக்கொள்ளுங்கள், கணக்கு நேராகிவிட்டது” என்று சொல்வது போன்றது. 2025-26-இல் அதன் வட்டி 8.94 சதவீதம். சுமார் 4.2 சதவீதக் கட்டணத்தை முன்கூட்டியே பிடித்துக்கொள்வதால் 20,000 கேட்டால் 19,150 சொச்சம்தான் கல்லூரிக்குப் போகும். வொர்க்-ஸ்டடி பில்லில் கழியவே கழியாது. பிள்ளை வேலை தேடிப்பிடித்து, மணிக்கணக்கில் உழைத்து, சம்பளமாக வாங்க வேண்டும்.

ஆகவே பில் எவ்வளவு என்று இப்படிப் பாருங்கள். கல்லூரி நேரடியாக வசூலிப்பது 56,000. கிராண்ட் 33,000 போக 23,000. மாணவர் கடன் 5,500 எடுத்தால் 17,500. செமஸ்டருக்கு 8,750, முதல் தவணை பெரும்பாலும் ஆகஸ்டில். கடனுக்கும் சிறு கட்டணம் பிடிப்பதால் கொஞ்சம் கூடும். புத்தகம், பயணம், கைச்செலவு 5,000 தனி.

லெட்டரில் ‘கடன்’ என்ற சொல்லைத் தேடினால் போதும் என்று நினைக்காதீர்கள். 2018-இல் யூஆஸ்பயர், நியூ அமெரிக்கா என்ற இரு அமைப்புகள் நூற்றுக்கணக்கான கல்லூரிகளின் லெட்டர்களை அலசியபோது, சலுகையில்லாக் கடன் ஒன்றுக்கே 136 பெயர்கள் அகப்பட்டன. அதில் 24 பெயர்களில் ‘லோன்’ என்ற வார்த்தையே இல்லை. ‘அன்சப்ஸிடைஸ்டு லோன்’ என்பதை ‘டைரக்ட் அன்சப்’ என்று மொட்டையாகப் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பென்சிலால் ‘தர வேண்டும்’, ‘தர வேண்டாம்’, ‘உழைக்க வேண்டும்’ என்று மூன்றில் ஒன்றை எழுதுங்கள். புரியாத வரியை ஈமெயிலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

2026 ஜூலை 1 முதல் இன்னொரு குழி. பேரன்ட் பிளஸ் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, ஆயுளுக்கு 65,000 என்று வரம்பு வந்திருக்கிறது. ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருப்பவர்களுக்குச் சில காலம் விலக்கு உண்டு. மூன்று ஆண்டுக்கு 20,000 வீதம் எடுத்தால் 60,000 போய்விடும். நான்காம் ஆண்டுக்கு 5,000தான் மிச்சம். மீதி 15,000-க்குத் தனியார் வங்கி வாசலில், ஜாமீன்காரரோடு நிற்க வேண்டிவரும்.

எச்-1பி பெற்றோர் தனியாகக் கவனிக்க வேண்டியது: பிள்ளை குடிமகனாக இருந்தாலும் பேரன்ட் பிளஸ் வாங்கும் பெற்றோருக்கும் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். அப்படியிருந்தும் லெட்டரில் அந்த வரி வந்துவிடும். உங்களால் வாங்கவே முடியாத கடன் ‘உதவி’யாக உட்கார்ந்திருக்கும். இந்தக் காரணத்தைச் சொல்லி ஆபீஸில் கேட்டால், பிள்ளை பெயரில் கூடுதல் சலுகையில்லாக் கடன் தர அவர்களுக்கு அதிகாரம் உண்டு. முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 4,000 வரை. கேட்காமல் தானாக வராது.

மெரிட் பணத்துக்கு நிபந்தனை உண்டு. ஜி.பி.ஏ. (4-க்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) எவ்வளவுக்குக் கீழே போகக் கூடாது, செமஸ்டருக்கு எடுக்க வேண்டிய பாடச்சுமை 12 கிரெடிட்டா 15-ஆ, எத்தனை ஆண்டு என்று பாருங்கள். பொறியியல் முதல் ஆண்டில் 3.5 என்பது பன்னிரண்டாம் வகுப்பில் 95 சதவீதம் வாங்கிய பிள்ளைக்கும் உறுதியில்லை. தமிழ்ச் சங்கமோ கோயிலோ கொடுக்கும் ஸ்காலர்ஷிப்பையும் ஆபீஸுக்குச் சொல்லியாக வேண்டும். அவர்கள் கடனைக் குறைத்தால் நல்லது. சில கல்லூரிகள் தங்கள் கிராண்டைக் குறைத்துக்கொள்ளும், உங்களுக்கு மிச்சம் சுழியம். எதைக் குறைப்பார்கள் என்று முன்பே கேளுங்கள்.

தொகை போதாதென்றால் மேல்முறையீடு செய்யலாம். யாரும் கோபித்துக்கொண்டு இடத்தைப் பிடுங்கமாட்டார்கள். நம்மவர்கள் கூச்சத்தில் கேட்பதில்லை. கேட்பவர்களோ “என் மகள் பள்ளியில் முதலிடம்” என்று ஆரம்பிக்கிறார்கள். உதவி ஆபீஸுக்கு அது வேண்டாம். அவர்கள் பார்த்த வருமான ஆண்டுக்குப் பிறகு வேலை போனது, சம்பளம் குறைந்தது, காப்பீடு ஈடுகட்டாத மருத்துவச் செலவு: இவற்றுக்காக வருமான எண்ணையே திருத்த அவர்களுக்குச் சட்டப்படி அதிகாரம் இருக்கிறது. ‘புரொஃபெஷனல் ஜட்ஜ்மென்ட்’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். வேலைநீக்கக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு, பில்கள் இணைத்து, ஒரு பக்கத்துக்குள், எவ்வளவு குறைகிறது என்ற எண்ணோடு. ஊரில் அப்பா அம்மாவுக்கு மாதாமாதம் அனுப்பும் பணத்தை ஃபாஃப்சா கண்டுகொள்ளாது. அவர்கள் உங்களோடு வசிக்காததால் குடும்ப எண்ணிக்கையிலும் வரமாட்டார்கள். சி.எஸ்.எஸ். புரொஃபைலில் சிறப்புச் சூழலை விளக்கும் இடத்தில் எழுதிவையுங்கள். ஒத்த தரத்துக் கல்லூரி கூடுதலாகக் கொடுத்திருந்தால் அந்த லெட்டரையும் இணைக்கலாம். சேர்வதை உறுதிசெய்யும் வழக்கமான மே 1 கெடுவுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே அனுப்புங்கள்.

பொட்டலத்தை மொத்தமாக ஏற்க வேண்டியதில்லை. போர்ட்டலில் ஒவ்வொரு வரிக்கும் தனியாக ஏற்கலாம், மறுக்கலாம், தொகையைக் குறைக்கலாம். கிராண்டை ஏற்று, சலுகைக் கடனை ஏற்று, பேரன்ட் பிளஸை மறுத்தாலும் கிராண்ட் குறையாது. தவறிப்போய் மத்தியக் கடன் வந்து சேர்ந்துவிட்டால், வந்த நாளிலிருந்து 120 நாளுக்குள் திருப்பிக் கொடுத்த பகுதிக்கு வட்டியும் இல்லை, பிடித்த கட்டணமும் கழிந்துவிடும்.