‘நார்மல்தானே, நிறுத்திவிட்டேன்’: பிரஷர் மாத்திரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரஷர் மாத்திரையைப் புதிதாகத் தொடங்குகிறவர்களைக் கவனித்தால், பத்து வருடமாகச் சாப்பிடுகிறவர்கள் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகள் வரிசைகூட மாறாமல் வருகின்றன. மறந்துபோவதையும், அட்டை தீர்ந்தபின் கடைக்கு ஓடுவதையும் இங்கே விட்டுவிடலாம். ஏழு நாள் டப்பாவும் கைபேசி அலாரமும் அதைப் பார்த்துக்கொள்ளும். யோசித்து, நியாயம் சொல்லிக்கொண்டு செய்கிற தவறுகள்தான் பக்கவாதத்தில் கொண்டுபோய் விடுகின்றன.

‘நார்மல் ஆகிவிட்டது, இனி எதற்கு?’

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பது இது. 160/100 இருந்தவருக்கு மூன்று மாதத்தில் 126/80 வருகிறது. உடனே மாத்திரையை நிறுத்திவிடுகிறார். அந்த 126 மாத்திரை போட்டதால் வந்த எண் என்பது அவருக்குத் தோன்றுவதில்லை.

அவரை ஏமாற்றுவதும் பெரும்பாலும் அந்த மாத்திரையேதான். ஆம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை ரத்தத்திலிருந்து மெதுவாகத்தான் நீங்கும். பாதி அளவு போகவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். அதனால் நிறுத்திய மூன்றாம் நாள் பார்த்தாலும் ரீடிங் பெரிதாக ஏறியிருக்காது. ‘பார்த்தீர்களா, மாத்திரை இல்லாமலே சரியாக இருக்கிறது’ என்று அளக்கும் கருவியையும் பெட்டிக்குள் வைத்துவிடுவார். அடுத்த ஒன்றிரண்டு வாரத்தில் பிரஷர் பழைய இடத்துக்கு ஏறும்போது அளக்க ஆள் இருக்காது. தலைவலி வரும், மயக்கம் வரும், அப்போது தெரியும் என்று நம்பியிருப்பார். பெரும்பாலோருக்கு அப்படி எதுவும் வராது.

மூளையின் ஆழத்தில் மெல்லிய ரத்தக் குழாய்கள் இருக்கின்றன. பெரிய குழாயிலிருந்து நேராகக் கிளைத்துப் போவதால் அழுத்தத்தின் அடியை இவைதான் அதிகம் வாங்கும். நாளடைவில் சுவர் தடித்து அடைத்துக்கொள்ளும். இல்லையென்றால் பலவீனமாகி வெடிக்கும். இரண்டுமே பக்கவாதம்தான். மேல் அளவு 10 குறைந்து அப்படியே நின்றால் பக்கவாத வாய்ப்பு ஏறத்தாழ கால் பங்கு குறையும். அந்தப் பலன் குறைந்த அளவு நீடிக்கும்வரைதான்.

எல்லா மாத்திரையும் ஆம்லோடிபின் போல மெதுவாக விடைபெறாது. குளோனிடின் திடீரென நின்றால் ஓரிரு நாளில் பிரஷர் முன்பைவிட மேலே எகிறும். அட்டெனலால், மெட்டோப்ரலால் வகையைச் சட்டென நிறுத்தினால் இதயத் துடிப்பு வேகமாகும். ஏற்கெனவே இதயக் கோளாறு உள்ளவருக்கு நெஞ்சுவலியும் மாரடைப்பும் வரலாம். இவற்றை மருத்துவர்கள் படிப்படியாகக் குறைப்பதற்குக் காரணம் அதுதான்.

இன்னொரு வகை உண்டு. மாதம் முழுக்க வாரத்தில் சில நாள் போடாமல் விட்டு, மருத்துவரைப் பார்க்கும் நாள் காலையில் மட்டும் ஒன்றைப் போட்டுக்கொண்டு போவது. ரீடிங் 158 வரும். ‘ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?’ என்றால் ‘ஆமாம்’ என்பார். மாத்திரை போதவில்லை என்று இரண்டாவது ஒன்று சேரும். பயந்துபோய் அன்றிலிருந்து இரண்டையும் ஒழுங்காகப் போடுவார். பிரஷர் 100க்கு இறங்கி, எழுந்தால் தலை சுற்றும். ‘இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று அனைத்தையும் நிறுத்துவார். வாரத்தில் மூன்று நாள் விட்டேன் என்று உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த இரண்டாவது மாத்திரையே வந்திருக்காது.

குறைக்கவே முடியாதா என்றால், சிலருக்கு முடியும். எடையும் உப்பும் நன்றாகக் குறைந்தவர்களுக்கு மருத்துவரே ஒவ்வொரு மாத்திரையாகக் குறைத்து, வாரக்கணக்கில் ரீடிங் பார்ப்பார்.

விட்டதற்குச் சேர்த்து இரண்டு

வேண்டாம். நாளுக்கு ஒருமுறை போடும் மாத்திரையானால், நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளைக்குப் பாதிக்கு மேல் நேரம் போயிருந்தால் விட்டுவிடுங்கள்.

காலையா, இரவா?

21 ஆயிரத்துக்கும் அதிகமானோரை வைத்து பிரிட்டனில் நடந்த ஆய்வு 2022இல் வெளியானது. பக்கவாதம், மாரடைப்பைத் தடுப்பதில் இரண்டு நேரத்துக்கும் வித்தியாசம் இல்லை. மறக்காத நேரம் எதுவோ அது.

பக்கவிளைவை வாய்விட்டுச் சொல்லாமல் இருப்பது

ஆம்லோடிபினால் கணுக்கால் வீங்கலாம். எனலாப்ரில், ராமிப்ரில் வறட்டு இருமல் தரலாம். இருமல் மருந்து குடித்தால் அது போகாது. லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன் வகைக்கு மாற்றினால் பொதுவாக நின்றுவிடும். மாற்று இருக்கும்போது சொல்லாமல் நிறுத்துவதில் அர்த்தமில்லை. உதடு, நாக்கு வீங்கினால் மட்டும் காத்திருக்கக் கூடாது. உடனே அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும்.

மூட்டுவலி மாத்திரையும் மாற்று உப்பும்

ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்றவை பிரஷரை ஏற்றும், பிரஷர் மாத்திரையின் வேலையையும் கெடுக்கும். மூக்கடைப்புக்கான சில மாத்திரைகளும் அப்படித்தான். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும்; ராமிப்ரில், டெல்மிசார்ட்டன், ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுகிறவர்கள் கேட்காமல் தொடக் கூடாது.

மாடி ஏறி வந்ததும் அளப்பது

ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காருங்கள். கால்கள் தரையில், குறுக்கே போடாமல். பட்டை சட்டைக்கு மேல் வேண்டாம். கை இதய மட்டத்தில் தாங்கியிருக்கட்டும். காபி, புகை முடிந்து அரைமணி ஆகியிருக்க வேண்டும், சிறுநீரை அடக்கிக்கொண்டும் அளக்கக் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து, இரண்டையும் எழுதுங்கள். வீட்டில் சராசரி 135/85 என்பதே மருத்துவமனையின் 140/90க்குச் சமம்.

வாய் கோணியதும் ஒரு பிரஷர் மாத்திரை

கூடவே கூடாது. முகம் ஒருபக்கம் இழுத்தாலோ, ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ வாயில் மாத்திரையும் தண்ணீரும் வேண்டாம். விழுங்க முடியாமல் புரையேறும். அடைப்பாக இருந்தால் பிரஷர் சட்டென இறங்குவது மூளைக்குப் போகிற கொஞ்ச ரத்தத்தையும் குறைக்கும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக 4.5 மணி நேரம்தான் அவகாசம். அந்தக் கணக்கு, அவர் கடைசியாக நன்றாக இருந்ததை யாராவது பார்த்த நேரத்திலிருந்து ஓடும். அந்த நேரத்தை ஒரு தாளில் குறித்து, சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.