தலைக்கு மேல் போலீஸ் ட்ரோன்: தோட்டப்பட்டணத்தில் நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ட்ரோன் சத்தம் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் இப்போது புதிதில்லை. செம்பனைக் காட்டுக்கு மேலே பறக்கிறது, கல்யாண மண்டப வாசலில் பறக்கிறது, திருவிழாக் கூட்டத்துக்கு மேலேயும் பறக்கிறது. அதில் எது போலீசுடையது, அது எதைப் பார்க்கிறது, பார்த்ததை என்ன செய்கிறார்கள் என்ற பேச்சு லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) வாசலிலும் சாப்பாட்டுக் கடையிலும் அடிக்கடி எழுகிறது. கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல், ஒன்று ஆத்திரப்பட்டு எதையாவது செய்துவிடுகிறோம், இல்லையென்றால் "நமக்கென்ன" என்று விட்டுவிடுகிறோம். இரண்டிலும் நஷ்டம் நமக்குத்தான்.

நம் நாட்டுப் போலீஸ் ட்ரோனைப் பயன்படுத்துவதைப் பொதுமக்கள் பரவலாக உணர்ந்தது கோவிட் பரவலால் 2020 மார்ச் 18-இல் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின்போதுதான். யார் வெளியே சுற்றுகிறார்கள் என்று வானத்திலிருந்து பார்த்தார்கள். 2021 ஜூனில் திரெங்கானு போலீசார் சுமார் 20 மீட்டர் உயரத்திலிருந்து மக்களின் உடல் வெப்பத்தை அளக்கும் ட்ரோனைப் பறக்கவிட்டார்கள். நோய்க்காலம் போய்விட்டது, கருவி போகவில்லை. காணாமல் போனவரைத் தேடுவது, பெருநாள் நெரிசலில் சாலையைக் கண்காணிப்பது, கூட்டங்களைப் பதிவு செய்வது என்று அதற்கான வேலைகள் கூடிக்கொண்டுதான் போகின்றன.

எல்லாவற்றையும் போலீஸ் ட்ரோன் என்று நினைப்பது

தோட்டப்புறத்தில் கண்ணில் படும் ட்ரோன்களில் பலவற்றுக்கும் போலீசுக்கும் சம்பந்தமே இல்லை. மருந்தடிக்கும் ட்ரோன் பெரியது. வயிற்றில் தொட்டி இருக்கும், மரத்தலைக்குக் கொஞ்சம் மேலே தாழ்வாகப் போகும், இரைச்சலும் அதிகம். மரம் எண்ணுவதற்கும் வரைபடம் எடுப்பதற்கும் நிர்வாகம் விடுகிற ட்ரோன் உயரத்தில் கோடு போட்டதுபோல் நேராகப் போய்த் திரும்பி வரும், எங்கேயும் நிற்காது. தோட்ட ஆபீசில் கிராணியை, அதாவது எழுத்தரை, கேட்டால் இன்றைக்கு எந்தப் பகுதியில் வேலை என்று சொல்லிவிடுவார்.

கவனிக்க வேண்டியது ஓரிடத்தில் நின்று பார்க்கும் சிறிய ட்ரோனை. அதுவும் பக்கத்து வீட்டுப் பையனுடையதாக இருக்கலாம், கல்யாணப் படம் எடுப்பவருடையதாகவும் இருக்கலாம். தனியார் ட்ரோன் என்றால் சட்டம் உங்களுக்குப் பெரிய துணை. 2016-ஆம் ஆண்டு சிவில் விமானப் போக்குவரத்து விதிமுறைகளின்படி, கேமரா பொருத்திய சிறிய ட்ரோனை அனுமதியில்லாமல் ஆட்களுக்கோ அடுத்தவர் கட்டடத்துக்கோ 50 மீட்டருக்குள் பறக்கவிடக் கூடாது. ஆயிரம் பேருக்கு மேல் கூடும் திறந்தவெளிக் கூட்டத்துக்கு 150 மீட்டருக்குள் வரக் கூடாது. 400 அடிக்கு மேல் ஏறவும் கூடாது. புகாரைச் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்துக்கு அனுப்பலாம். ஜொகூர் பாரு உயர் நீதிமன்றம் அண்டை வீட்டை நோக்கி வைத்த சிசிடிவி கேமராவையே அந்தரங்க மீறல் என்று ஏற்று அகற்றச் சொல்லியிருக்கிறது. கேமரா கம்பத்தில் இருந்தால் ஒரு நியாயம், ட்ரோனில் இருந்தால் வேறு நியாயம் என்று ஆகிவிடாது.

அந்த 50 மீட்டர் கணக்கை அப்படியே போலீசிடம் கொண்டுபோய் நீட்டுவது வேறு தவறு. போலீஸ் பணிக்குப் பயன்படும் விமானத்தை அரசு விமானம் என்று 1944-ஆம் ஆண்டு சிகாகோ உடன்படிக்கையே தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. போலீஸ் ட்ரோன் விஷயத்தில் தூரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு வாதாடினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். எதற்காகப் பறந்தது, யார் உத்தரவு, பதிவு எங்கே என்று கேட்பதுதான் பயன் தரும்.

உண்டிவில்லும் கல்லும்

இளைஞர்கள் சிலர் வீரமாகப் பேசுவதுண்டு. தயவுசெய்து வேண்டாம். போலீஸ் ட்ரோன் மேல் கல் விட்டால் பொருட்சேதம் விளைவித்த குற்றம் ஒன்று, தண்டனைச் சட்டம் 186-ஆம் பிரிவின்கீழ் அரசு ஊழியரின் கடமைக்கு இடையூறு செய்த குற்றம் இன்னொன்று. சிக்னலைத் தடுக்கும் ஜாமர் கருவியை இணையத்தில் வாங்கி வைத்துக்கொள்வதும் சட்டவிரோதம். சட்டத்தை விடுங்கள், கிட்டத்தட்ட ஒரு கிலோ எடையுள்ள பொருள் நூறு மீட்டர் உயரத்திலிருந்து லயத்து வாசலில் விழுந்தால் அடிபடப் போவது அங்கே விளையாடும் நம் பிள்ளைதான்.

கேமராவால் என்ன முடியும் என்று தெரியாமல் இருப்பது

இதில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. "கூரையைத் துளைத்து உள்ளே பார்த்துவிடும்" என்கிறார் ஒருவர். "அவ்வளவு உயரத்திலிருந்து என்ன தெரியப்போகிறது" என்கிறார் இன்னொருவர்.

வெப்பக் கேமரா சுவரையோ தகரக் கூரையையோ ஊடுருவாது. மேற்பரப்பின் வெப்பத்தை மட்டுமே படமாக்கும். டிஜேஐ நிறுவனத்தின் மேவிக் 3 தெர்மல் என்ற ரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். போலீஸ், மீட்புப் பணிகளுக்கென்றே விற்கப்படுவது, எடை 920 கிராம். அதன் வெப்பக் கேமராவின் தெளிவு 640க்கு 512 புள்ளிகள். இருட்டில் செம்பனை வரிசைக்கு நடுவே ஓர் ஆள் நிற்பது தெரியும். அந்த ஆளின் முகம் வெப்பப் படத்தில் தெரியாது. ஆனால் அதே ட்ரோனில் 56 மடங்கு வரை உருப்பெருக்கும் சாதாரணக் கேமராவும் இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் தூரத்திலிருந்தே ஆளை அடையாளம் காணும் வேலையை அது செய்துவிடும்.

நம் வீடுகளின் அமைப்பை இதோடு சேர்த்து யோசிக்க வேண்டும். பழைய லயங்களில் குளிக்கும் இடம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும். நாலு பக்கமும் தகரம் அடித்திருப்பார்கள், மேலே திறந்து கிடக்கும். தகரத்தை ஆள் உயரத்துக்கு அடித்தால் போதும் என்பது தரையில் நடப்பவர்களை மனதில் வைத்துப் போட்ட கணக்கு. அதே இடத்தை மேலிருந்து பார்த்தால் மறைப்பே கிடையாது. பைப்படியில் துணி துவைக்கும் பெண்கள், கொல்லைப்புறத்தில் பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய் எல்லாரும் அப்படித்தான். ட்ரோன் ஓட்டுபவர் திருடனைத் தேடிக்கொண்டிருக்கலாம், கெட்ட எண்ணமே இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் படத்தில் அந்தப் பெண் இருக்கிறாள். காசு கிடைக்கும்போது அந்தக் குளியலறைக்கு மேலே நாலு தகரம் போட்டுவிடுங்கள். அதே சமயம், குடியிருப்புக்கு மேலே கேமராவைத் திருப்பும் முறை என்ன என்று கேட்கும் உரிமையையும் விட்டுக்கொடுக்காதீர்கள். கூரை போடுவது நம் பாதுகாப்புக்கு, அது போலீசின் பொறுப்பைக் குறைக்காது.

"தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே"

படித்தவர்களே அதிகம் இடறுகிற இடம் இது. 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 709, வணிகப் பரிவர்த்தனைகளுக்கானது. அதன் 3-ஆம் பிரிவே மத்திய அரசுக்கும் மாநில அரசுகளுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்று சொல்லிவிடுகிறது. அந்தச் சட்டத்தைக் காட்டி "என் படத்தை அழித்துவிடுங்கள்" என்று போலீசிடம் எழுதினால் கடிதம் செல்லாது.

அப்படியென்றால் நமக்கு ஒன்றுமே இல்லையா? இருக்கிறது, ஆனால் சிதறிக் கிடக்கிறது. கூட்டரசு அரசியலமைப்பில் அந்தரங்க உரிமை என்று தனியாக ஒரு வரி கிடையாது. ஆனால் 5-ஆம் விதி சொல்லும் தனிமனித சுதந்திரத்தில் அந்தரங்க உரிமையும் அடங்கும் என்று சிவராசா ராசையா வழக்கில் 2010-இல் கூட்டரசு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நம் இனத்து வழக்கறிஞர் ஒருவர் வேறொரு விஷயத்துக்காகப் போட்ட வழக்கில் வந்த வரி இது. இன்றைக்கு நமக்கெல்லாம் உதவுகிறது. யாராவது கேமராவைத் தவறான நோக்கத்தோடு பெண்ணின் மேல் திருப்பினால் தண்டனைச் சட்டம் 509-ஆம் பிரிவு இருக்கிறது. மானத்தைக் குலைக்கும் எண்ணத்தோடு அந்தரங்கத்தில் நுழைவதற்கு ஐந்து ஆண்டு வரை சிறை. சீருடை போட்டிருப்பவருக்கும் அது பொருந்தும்.

ட்ரோன் பதிவை எத்தனை நாள் வைத்திருக்கலாம், யார் பார்க்கலாம், எப்போது அழிக்க வேண்டும் என்பதைப் பொதுமக்கள் படித்துத் தெரிந்துகொள்ளும்படி ஒரு சட்டம் வேண்டும். பிரான்சில் அந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போனது. பாரிஸ் போலீஸ் கோவிட் கட்டுப்பாட்டைக் கண்காணிக்க ட்ரோன் விட்டபோது, தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு இல்லை என்று 2020 மே 18-இல் அந்நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் நிறுத்தச் சொன்னது. 2022-இல் நிபந்தனைகளோடு சட்டம் வந்தது. ட்ரோன் ஒழியவில்லை, எழுத்தில் விதி வந்தது. நாம் கேட்பதும் அதுதான்.

"மறைக்க ஒன்றுமில்லையே"

இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள். தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம் என்பது அவர்கள் வாதம். ஆனால் யோசித்துப் பாருங்கள். போதைப்பொருள் தேடுதலுக்காக ஒரு லயத்துக்கு மேலே ட்ரோன் நிற்கிறது. படத்தில் சந்தேக நபர் ஒருவர், சம்பந்தமில்லாதவர்கள் ஏழெட்டுப் பேர். அந்த நேரத்தில் அங்கே எண்ணெய் கடன் கேட்கப் போன பக்கத்து வீட்டு அக்காவும் இருக்கிறார். தொழிற்சங்கக் கூட்டத்துக்குப் போனவர் யார், நிலப் பிரச்சினைக்கு மனு கொடுக்க நின்றவர் யார் என்பதும் இப்படியே பதிவாகும். 2012-ஆம் ஆண்டு அமைதிப் பேரணிச் சட்டம் பேரணியைப் பதிவு செய்யும் அதிகாரத்தைப் போலீசுக்குத் தருகிறது. பதிவு செய்யலாம், சரி. அப்புறம்? அந்தப் படம் வேறொரு காரியத்துக்குப் பயன்படாது என்று யார் உறுதி தருவது?

இந்த ஊர்ப் பெரியவர்களுக்குக் கண்காணிப்பு என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு அவசரகாலம் வந்தது, 1960 வரை நீடித்தது. தோட்டத் தொழிலாளர்களை ஓரிடத்தில் சேர்த்து வேலி போட்டார்கள். காட்டிலிருந்த கெரில்லாக்களுக்கு அரிசி போகிறதா என்று சோதித்தார்கள். துப்பாக்கிக்கும் வேலிக்கும் நடுவில் மாட்டியவர்களில் எந்தப் பக்கமும் சேராத சாதாரண ஜனமே அதிகம். மறைக்க ஒன்றுமில்லாத அந்த ஜனத்துக்குத்தான் அன்றைக்குப் பெரும் கஷ்டம்.

நாமே செய்வது

இதைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை. தீமிதி நாளில் கோயில் கமிட்டியே ஆள் வைத்துக் கூட்டத்துக்கு மேலே ட்ரோன் விடுகிறது. ஆற்றங்கரையில் நீராடி ஈரப் புடவையோடு வரும் பெண்கள் அன்றிரவே வாட்ஸ்அப்பில் சுற்றுகிறார்கள். போலீஸிடம் அந்தரங்கம் கேட்கும் நாம் அதையும் நிறுத்த வேண்டும். கமிட்டி தீர்மானத்தில் ஒரே வரி போதும்: நீராடும் இடத்திலும் உடை மாற்றும் இடத்திலும் கேமரா கூடாது.

அதேபோல், வானத்தில் பார்த்த ட்ரோனைக் கைப்பேசியில் எடுத்து, போலீஸ் பெண்களைப் படம் பிடிக்கிறது என்று ஆதாரமில்லாமல் டிக்டாக்கில் போடாதீர்கள். தொடர்பு பல்லூடகச் சட்டம் 233-ஆம் பிரிவு உங்கள்மேல் திரும்பினால் உண்மையான புகாரும் சேர்ந்து அமுங்கிப் போகும்.

தவறான வாசலைத் தட்டுவது

தகவல் அறியும் சட்டம் மாநில அளவில் சிலாங்கூரிலும் பினாங்கிலும் உண்டு, பேராக்கில் இல்லை. இருந்தாலும் போலீஸ் மத்திய அரசின் துறை, மாநிலச் சட்டம் அதைத் தொடாது. 2023 ஜூலை 1 முதல் இயங்கும் சுயேச்சைப் போலீஸ் நடத்தை ஆணையம், ஐபிசிசி, புகார் வாங்கும். ஆனால் போலீஸ் படைத்தலைவரின் நிலையாணைப்படி, அதாவது படையின் உள்விதிகளின்படி, நடந்த காரியம் அதன் வரம்பில் வராது. "ட்ரோன் விட்டது தப்பு" என்று எழுதினால் அந்தச் சுவரில் முட்டி நின்றுவிடும். "இந்தத் தேதியில், இத்தனை மணிக்கு, என் வீட்டுக் குளியலறைக்கு மேலே இத்தனை நிமிடம் நின்றது, கேட்டபோது அதிகாரி இப்படிப் பேசினார்" என்று நடத்தையை எழுதினால் அதற்கு எடை உண்டு. மனித உரிமைப் பிரச்சினை என்று தோன்றினால் மனித உரிமை ஆணையமான சுஹாகாமுக்கும் எழுதலாம்.

அதற்கு முன்னால், பிரச்சினை வருவதற்கே முன்னால், மாவட்டப் போலீஸ் தலைவரான ஓசிபிடியைப் பாருங்கள். ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கக் குடியிருப்பாளர் அமைப்பு மூலமாகப் போனால் இன்னும் நல்லது. வயதானவர் ஒருவர் செம்பனைக் காட்டில் வழி தவறினால் ட்ரோனைத்தான் முதலில் கேட்போம், அதைச் சொல்லியே பேச்சைத் தொடங்குங்கள். அமெரிக்காவின் சியாட்டல் நகரப் போலீஸ் மக்களைக் கலக்காமல் 2010-இல் இரண்டு சிறிய ட்ரோன்களை வாங்கி, எதிர்ப்பு கிளம்பியதும் 2013-இல் திட்டத்தையே கைவிட வேண்டியதாயிற்று. முன்கூட்டியே பேசுவது போலீசுக்கும் நல்லது என்று அதிகாரியிடம் எடுத்துச் சொல்ல இந்த உதாரணம் உதவும்.

கடிதம் மலாயில் இருக்கட்டும், ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். குடியிருப்புக்கு மேலே பறக்க யார் அனுமதி தருகிறார், வழக்குக்குத் தேவையில்லாத பதிவு எத்தனை நாளில் அழிக்கப்படும், அதை யார் யார் பார்க்கலாம், ஓட்டுபவர் சொந்தக் கைப்பேசியில் படத்தை வைத்துக்கொள்ள முடியுமா. இந்த நான்கையும் கேளுங்கள். ஒரு பிரதியைச் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்தில் கொடுங்கள். உங்கள் பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் போட்டு வாங்குங்கள். பதில் வராவிட்டால் அடுத்த கடிதத்தை அந்தத் தேதியைக் குறிப்பிட்டே தொடங்கலாம்.