பனி டிராகனின் கழுத்தை நிற்க வைத்தது எப்படி

2011 முதல் 2019 வரை ஓடிய கேம் ஆஃப் த்ரோன்ஸ் டிவி தொடரில் மூன்று டிராகன்கள். அதில் டிரோகன் என்ற கறுப்பு டிராகன்தான் எனக்கு என்றைக்குமே பிடித்தது. எந்தத் தொடரின் டிராகன் அழகு என்று நண்பனோடு பேச்சு நீண்டபோது, "பனியில செஞ்சு காட்டுடா, ஒத்துக்கிறேன்" என்றான்.

உடல் சுலபமாக வந்தது. கழுத்துதான் வைக்க வைக்க விழுந்தது. கடும் குளிரில் பெய்த பனியில் ஈரமே இருக்காது. எவ்வளவு அழுத்தினாலும் உதிரும்.

வாளியில் பனியைப் போட்டு, குளிர்ந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, கூழ் பதத்துக்குக் கிளறினேன். கையுறையோடு அள்ளி, உடலில் கீறிவிட்ட இடத்தில் அப்பி, அது இறுகிய பிறகே அடுத்த அடுக்கு. வெப்பநிலை 0 டிகிரிக்கு நன்றாகக் கீழே இருந்தால்தான் இது பிடிக்கும். அடியில் தடிமனாக, மேலே போகப் போக மெலிதாக ஏற்றினேன். தலையின் பாரம் நேராகக் கழுத்தடிக்கு மேல் வரும்படி வளைவைப் பின்னுக்குத் தள்ளியதும் ஆட்டம் நின்றுவிட்டது. (நீட்டிய கழுத்தை விட இந்த வளைவுதான் கம்பீரம்!)

செதில்களை மறுநாள் கரண்டி முனையால் செதுக்கினேன். ஒரு ராத்திரி விட்டால் பனித்துகள்கள் தாமாகவே ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடும், கோடு சுத்தமாக விழும். இறக்கை விரித்த டிராகன்தான் அடுத்தது.