ஸ்பானிஷில் ‘இதுவா அதுவா’: நாம் சறுக்கும் இடங்கள்

ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கிய சில நாட்களிலேயே ‘ஒ’ வந்துவிடும். ‘தே ஒ கஃபே’ என்றால் டீ அல்லது காபி. ‘அல்லது’க்கு ஒரே எழுத்துதானே என்று பலரும் அடுத்த பாடத்துக்குத் தாவிவிடுகிறார்கள். ஓரளவு பேச வந்த பிறகும் தவறுவது இந்த ஓரெழுத்துச் சொல்லைச் சுற்றித்தான்.

‘ஒ’ எப்போதும் ‘ஒ’வாகவே இருக்காது. அடுத்த சொல் ஓகார ஒலியில் தொடங்கினால் அது ‘உ’ ஆகிவிடும். ஏழு அல்லது எட்டு: ‘சியேத்தே உ ஓச்சோ’. இரண்டு ஓகாரங்கள் அடுத்தடுத்து வந்தால் ஒன்றில் ஒன்று கரைந்துவிடும், அதனால்தான் இந்த மாற்றம். ஆகவே எழுத்தைப் பார்க்காதீர்கள், ஒலியைக் கேளுங்கள். மருத்துவமனைக்கான ஸ்பானிஷ் சொல்லை எழுதும்போது முதலில் ‘ஹெச்’ வரும். ஆனால் அதை உச்சரிக்க மாட்டார்கள். எனவே ‘கிளினிகா உ ஓஸ்பித்தால்’ என்பதே சரி. எண்ணாக எழுதினாலும் விதி மாறாது: 10, 11 இரண்டுக்கும் நடுவே ‘உ’தான், ஏனென்றால் 11 என்பது ‘ஓன்ஸே’. ஒட்டி வரும் சொல் மட்டுமே கணக்கு. வெள்ளி அல்லது தங்கம் என்பது ‘பிளாத்தா உ ஓரோ’. நடுவே ‘எல்’ (ஆங்கிலத்தின் ‘the’ போன்ற சொல்) நுழைந்தால் ‘லா பிளாத்தா ஒ எல் ஓரோ’.

பழைய பாடநூல்களில் இரண்டு எண்களுக்கு நடுவே வரும் ‘ஒ’வின் தலையில் ஒரு சாய்கோடு இருக்கும், பூஜ்ஜியம் என்று படித்துவிடக் கூடாதே என்பதற்காக. ஸ்பானிஷ் மொழி அகாடமிகள் 2010இல் வெளியிட்ட எழுத்திலக்கணம் அதை நீக்கிவிட்டது. இன்று அதைப் போட்டால் பிழை.

மறுக்கும்போது நம் தமிழே நம்மைத் தவறாக இழுக்கிறது. “டீயும் வேண்டாம், காபியும் வேண்டாம்” என்று பழகிய நாக்கு, அந்த ‘உம்’முக்கு ஸ்பானிஷின் ‘இ’யைத் தேடும். அங்கே தேவை ‘நி’: ‘நோ கியேரோ நி தே நி கஃபே’. வினைக்கு முன்னால் ‘நோ’ இருக்கிறதே, பிறகு எதற்கு இன்னும் இரண்டு மறுப்பு என்று தயங்க வேண்டாம், ஸ்பானிஷ் அப்படித்தான். ஆனால் ‘நி... நி...’ வினைக்கு முன்பே வந்துவிட்டால் ‘நோ’வை விட்டுவிட வேண்டும். ஆனாவும் வரவில்லை, லூயிஸும் வரவில்லை: ‘நி ஆனா நி லூயிஸ் வினியேரோன்’. இங்கே ‘நோ’ சேர்ப்பதுதான் நான் அதிகம் திருத்தும் பிழை. வினை பன்மையில் இருப்பதையும் கவனியுங்கள்.

“மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் போவேன்” என்பதைச் சொல்லும்போது, ‘ஆல்’ என்பதற்கு ‘சி’ போட்டு ‘சி யுவேவே ஒ நோ’ என்று தொடங்குகிறோம். ஸ்பானிஷ்காரர் ‘சி’யைத் தொடுவதே இல்லை. வினையின் வடிவத்தை மாற்றி வாக்கியத்தின் தலையில் வைத்துவிடுகிறார்: ‘யுவேவா ஒ நோ, வோய்’. நீ விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் என்பது ‘கியேராஸ் ஒ நோ’. ‘கியேரெஸ்’ அல்ல, ‘கியேராஸ்’. ஒரே ஓர் உயிரெழுத்துதான் மாறுகிறது; ஆனால் இது வெறும் செய்தி அல்ல, எது நடந்தாலும் சரி என்ற பொருள் அந்த எழுத்தில்தான் இருக்கிறது. மனப்பாடமாக ஏற்றிக்கொள்ள வேண்டிய தொடர் இது.

டீயை காபியோடு ஒப்பிட்டு இதுவே மேல் என்று சொல்ல, ‘விட’ என்பதற்கு ‘கே’ போடாதீர்கள். ‘ப்ரெஃபியேரோ எல் தே அல் கஃபே’, அவ்வளவுதான்.

இலக்கணம் சரியாக இருந்தும் பொருள் மாறுவது தொனியில். ‘தே ஒ கஃபே?’ என்று கேட்கும்போது ‘தே’யில் குரல் ஏறி ‘கஃபே’யில் இறங்கினால், இரண்டில் எது என்று கேட்கிறீர்கள். கடைசியிலும் குரலை ஏற்றினால், குடிக்க ஏதாவது வேண்டுமா என்று கேட்டதாகிவிடும். எதிரே இருப்பவர் ‘ஆமாம்’ என்று மட்டும் பதில் சொல்வார்.